அடிச்சவனுக்கே ஃப்ரீ கிக்கா?

நடுவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கறுப்புச் சட்டை பல சலவை கண்டு சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மார்புப் பையின் மடிப்புக்குள் மட்டும் பழைய கறுப்பு மிச்சமிருக்கிறது. இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம். ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் தடைபடும்போதெல்லாம் மற்றதை நிறுத்துவார். மஞ்சள் அட்டை மார்புப் பையில், சிவப்பு அட்டை காற்சட்டையின் பின்பையில். இரண்டையும் ஒன்றாக வைத்தால் அவசரத்தில் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. எழுதுவதற்குப் பென்சில். கிள்ளானில் மழை எந்நேரம் வரும் என்று யாருக்குத் தெரியும்? பேனா எழுத்து கரைந்துபோகும், பென்சில் எழுத்து நிற்கும்.

பிரிக்பீல்ட்ஸ்காரர். கேஎல் சென்ட்ரலில் காலைக் கொமுட்டர் பிடித்து, கிள்ளான் நிலையத்தில் இறங்கி, ஏற்பாட்டாளர் அனுப்பிய மைவி காரில் வந்து சேர்ந்ததாகப் பந்தலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் தேநீர்கூடக் குடிக்கவில்லை. நேராகத் திடலுக்குள் போய் கோல் வலையின் ஓட்டைகளை விரலால் சோதித்தார். ஒரு மூலையில் வலை கம்பத்தை விட்டுப் பிரிந்திருந்தது. பிளாஸ்டிக் கயிறு வாங்கி அவரே கட்டினார்.

திடல், தாமான் குடியிருப்பின் கடைசி வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பக்கம் கோயில், எதிர்ப்பக்கம் லோங்காங் என்ற அகலமான சாக்கடை. பந்து அதில் விழுந்தால் எடுப்பதற்கென்றே நீளக் கழியோடு ஒரு சிறுவன் நின்றான். அவனுக்கு அன்று நல்ல வேலை.

ஒன்பது பேர் ஆட்டம், பாதிக்கு 20 நிமிடம், சுழற்கிண்ணம். ஆட வந்த குழுக்களில் பாதிக்குத் தோட்டங்களின் பெயர். அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடுகள் வந்தன. புக்கிட் ராஜா தோட்டம் இருந்த நிலத்தில் இப்போது மாடி வீடுகளும் கிடங்குகளும் நிற்கின்றன. சனம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிவிட்டது. தோட்டம் சட்டை முதுகில் மட்டும் இருக்கிறது. இந்தக் குழு எந்தத் தோட்டம் என்று கேட்டால், பதினெட்டு வயதுப் பையன் தன் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறான்.

"நடுவரின் தீர்ப்பே இறுதியானது" என்றது ஒலிபெருக்கி. அதே மூச்சில், "வெள்ளை சாகா காரின் உரிமையாளர் உடனே வண்டியை எடுக்கவும், நாசி லெமாக் வண்டி உள்ளே வர முடியவில்லை" என்றது.

முதல் அரையிறுதி. ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெள்ளை.

முதல் சச்சரவு 12ஆம் நிமிடத்திலேயே வந்தது. நீலச் சட்டை 14 கீழே விழுந்ததில் முழங்காலில் ரத்தம். ரத்தத்தோடு யாரும் ஆடக் கூடாது. நடுவர் அவனைக் கோட்டுக்கு வெளியே அனுப்பினார். அவன் தண்ணீர் ஊற்றிக் கழுவினான், துணி கட்டினான், 100 பிளஸ் குடித்தான். நின்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு நேர் எதிரே வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். 14க்குப் பொறுக்கவில்லை. நடுவரைப் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. உள்ளே பாய்ந்து புல்லோடு சறுக்கி அவன் காலை வாரினான்.

விசில். ஒரு மஞ்சள் அட்டை. பையன் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். நடுவர் அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, இரண்டாவது முறையாக அதே மஞ்சள் அட்டையைத் தூக்கினார். பிறகு சிவப்பு.

"ஒரு தப்புக்கு ரெண்டு கார்டா ரெஃப்ரி?" என்று நீலத்தின் மேலாளர் ஓடி வந்தார். தோளில் துண்டு, கையில் ஆட்டக்காரர் பட்டியல். நடுவர் வாயைத் திறக்கவில்லை. கோட்டைக் காட்டி ஒரு விரல், புல்லில் சறுக்கிய தடத்தைக் காட்டி இன்னொரு விரல். அனுமதியில்லாமல் உள்ளே வந்தது ஒன்று, முரட்டுத்தனமாகக் காலை வாரியது ஒன்று. நடுவில் மூன்று நொடிதான். ஆனாலும் தவறு இரண்டு. சட்டப் புத்தகத்தின் பன்னிரண்டாம் விதி இதே உதாரணத்தைச் சொல்கிறது: எச்சரிக்கைக்குரிய தவறுகள் இரண்டு அடுத்தடுத்து நடந்தாலும் எச்சரிக்கை இரண்டுதான். பந்தலில் இருந்தவர்களுக்கு அது அநியாயமாகத்தான் பட்டது. பையன் கோயில் பக்கம் போய் உட்கார்ந்து, கட்டிய துணியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே இருந்தான்.

இது சின்னது. பெரியது இடைவேளைக்குப் பிறகு.

நீலம் எட்டுப் பேரோடு ஆடியும் ஒரு கோல் போட்டு முன்னால் இருந்தது. 31ஆம் நிமிடம். பந்து நடுக்கோட்டைத் தாண்டி வெள்ளையின் இடது ஓரத்துக்கு வந்தது. வெள்ளை 9 அதைத் தொடையில் வாங்கி, தரையில் போட்டு, திரும்பினான். பத்தொன்பது, இருபது வயசுப் பையன். காலில் வேகம் இருந்தது. அவனைக் காக்க வேண்டிய நீலச் சட்டை 5க்கு முப்பதுக்கு மேல் இருக்கும். கனத்த உடம்பு, நிதானமான ஆள். ஓடிப் பிடிக்க முடியாது என்பது அவனுக்குத் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. கை நீட்டி 9இன் சட்டையை இடுப்புக்கு மேலே பற்றினான்.

சட்டை நீண்டது. பையன் ஒரு எட்டு வைத்தான், இரண்டாவது வைத்தான், மூன்றாவது எட்டில் நின்ற இடத்திலேயே சுழன்றான். பந்து அவனை விட்டு உருண்டு போயிற்று. கோட்டோரம் கொடி எழுந்தது. நடுவரின் கை விசிலோடு வாய்க்குப் போனது. பையனின் வலது முழங்கை பின்னால் வீசி 5இன் கன்னத்தில் விழுந்தது.

விசில் எப்போது ஒலித்தது? பந்தலில் இருந்த அத்தனை பேரும் முழங்கைக்குப் பிறகு என்று சத்தியம் செய்வார்கள். அத்தனை பேரின் கண்ணையும் திருப்பியது அந்த முழங்கைதான். அதற்கு முன்னால் பாதிப் பேர் வடை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

5 கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நீலச் சட்டைகள் ஓடி வந்தன, வெள்ளைச் சட்டைகள் ஓடி வந்தன, மேலாளர்கள் இருவரும் வந்தார்கள், கழியோடு நின்ற சிறுவனும் வந்தான். நடுவர் ஓடவில்லை, வேகமாக நடந்தார். இருவருக்கும் நடுவில் போய் நின்று, பையனுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டினார். கைகளை இடுப்பளவில் விரித்து வைத்துக்கொண்டார். எந்த அட்டையையும் எடுக்கவில்லை. யாரையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சத்தம் ஒரு படி இறங்கிய பிறகு கோட்டுப் பக்கம் நடந்து வந்தார்.

கொடி பிடித்திருந்தவள் கல்லூரியில் படிக்கிற வயதுப் பெண். பின்னிய சடையின்மேல் தொப்பி, முழங்கால் வரை கறுப்புக் காலுறை. அவள் கொடியை இன்னும் இறக்கவில்லை. அவர்கள் பேசியது எனக்கு நாலடி தூரத்தில்.

"மொதல்ல என்னா?"

"சட்டைய இழுத்தது சார்."

"எது வரைக்கும்?"

"மூணு ஸ்டெப்பு. விடவே இல்ல."

"அப்புறம்?"

"முழங்கை. மூஞ்சில."

"பந்து?"

"பக்கத்துலயே இல்ல சார்."

"என் விசில்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டுக்கும் நடுவுல."

"கொடிய இறக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

முதலில் 5ஐ எழுந்து நிற்கச் சொன்னார். அவன் எழுந்ததும் மஞ்சள் அட்டை. பந்தலில் ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கூச்சல்: அடி வாங்கியவனுக்கு அட்டையா? அடுத்து 9. பின்பையிலிருந்து சிவப்பு. கூச்சல் பக்கம் மாறியது. அதோடு முடித்திருந்தால்கூட ஊர் ஒருவாறு ஒத்துக்கொண்டிருக்கும். நடுவர் பந்தை எடுத்து, சட்டை இழுபட்ட இடத்தில் வைத்து, நீலத்தின் கோலைப் பார்த்துக் கையை நீட்டினார். வெள்ளைக்கு ஃப்ரீ கிக்.

"அடிச்சவனுக்கே ஃப்ரீ கிக்கா?"

நீலத்தின் மேலாளருக்கு இந்த முறை குரலே உடைந்துவிட்டது. துண்டைக் கீழே போட்டார். "சிவப்பு காட்டுனீங்க. சரி. அப்ப தப்பு அவன்மேலதான? தப்பு அவன்மேலன்னா பந்து எங்களுக்குத்தான?" கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஒலிபெருக்கிக்காரருக்கே குழப்பம் வந்து, "ஃப்ரீ கிக்... ஃப்ரீ கிக்..." என்று இரண்டு முறை சொல்லி, யாருக்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

மேலாளர் அட்டையையும் பந்தையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டார். சட்டத்தில் அவை இரண்டு தனிக் கணக்குகள். ஆட்டம் எதனால் நின்றதோ அந்தத் தவறுதான், ஆட்டம் மறுபடி எப்படித் தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும். சட்டை இழுபட்டபோதே நடுவர் நிறுத்த முடிவு செய்துவிட்டார். விசில் அந்த முடிவுக்கான அறிவிப்பு, அது வாய்க்கு வந்து சேர அரை நொடி பிடிக்கிறது. அந்த அரை நொடிக்குள்ளேயே விழுந்திருந்தாலும், அது நின்றுபோன ஆட்டத்தில் விழுந்த முழங்கைதான். அதற்காகப் பந்து கை மாறாது. ஆனால் அட்டை உண்டு. பந்துக்காகப் போராடாத நேரத்தில் எதிராளியின் முகத்தில் வேண்டுமென்றே கையால் தாக்கினால், விசை அற்பமாக இருந்தாலொழிய, அது வன்முறை. அதற்குச் சிவப்பைத் தவிர வேறு நிறம் இல்லை. ஆட்டம் நின்றிருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தாலும் அதுதான்.

இதே இரண்டு தவறும் இதே வரிசையில் நடந்து, நடுவர் மட்டும் சட்டை இழுப்பைக் கண்டும் கைகளை முன்னால் நீட்டி "ஆடு" என்று விட்டிருந்தால் கதை வேறு. ஆட்டம் உயிரோடு இருந்திருக்கும், முழங்கை அதை நிறுத்தியிருக்கும், பந்து நீலத்துக்குப் போயிருக்கும். மேலாளர் கேட்டது அந்த உலகத்தில் கிடைத்திருக்கும்.

எனக்கு முன்னால் மடக்கு நாற்காலிகளில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் சிலாங்கூரின் பழைய சிவப்பு-மஞ்சள் சட்டையில், மற்றவர் குடையோடு.

"தொண்ணூத்தெட்டு. பெக்கம். ஞாபகம் இருக்கா?" என்றார் சிலாங்கூர் சட்டை.

"அதெல்லாம் உலகக் கிண்ணம்ப்பா."

"உலகக் கிண்ணமா இருந்தா என்னா, உள்ளூர்க் கிண்ணமா இருந்தா என்னா? பின்னால வந்து இடிச்சவன் சிமியோனே. அவனுக்கு மஞ்சள். கீழ படுத்துக்கிட்டே கால ஆட்டுனவன் பெக்கம். அவனுக்குச் சிவப்பு. இதே கதைதான்."

அவர் சொன்னது சரி. 1998 ஜூன் 30, பிரான்சின் செயின்ட் எட்டியென் நகரம், இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும். டென்மார்க் நடுவர் கிம் மில்டன் நீல்சன் இரண்டு அட்டைகளையும் காட்டினார். இங்கிலாந்து பத்துப் பேரோடு ஆடிப் பெனால்டியில் தோற்றது. அதன் பிறகு மாதக்கணக்கில் பெக்கம் வாங்கிய வசவைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சிமியோனேயின் மஞ்சள் அட்டையைச் சிலாங்கூர் சட்டை போட்ட ஒரு பெரியவர் நினைவில் வைத்திருக்கிறார்.

உலகக் கிண்ணத்தில் காட்டப்பட்ட முதல் சிவப்பு அட்டையே இந்த வகைதான். அட்டைகள் 1970 மெக்சிகோவில் அறிமுகமாயின. அந்த ஆண்டு சிவப்புக்கு வேலை வரவில்லை. 1974 ஜூன் 14, பெர்லினில் சிலி நாட்டின் கார்லோஸ் காஸ்ஸெலி வெளியே அனுப்பப்பட்டார். மேற்கு ஜெர்மனியின் பெர்ட்டி ஃபோக்ட்ஸ் அவரைத் துரத்தித் துரத்தித் தடுத்துக்கொண்டிருந்தார். பொறுமை இழந்த காஸ்ஸெலி திருப்பி உதைத்தார். அந்தப் போட்டித் தொடரில்தான் நம் பக்கத்து ஆள் ஒருவரும் விசிலோடு ஓடினார். சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையா, ஜார்ஜ் சுப்பையா என்று அழைக்கப்பட்டவர், ஜூன் 19 அன்று மூனிக்கில் போலந்து - ஹைட்டி ஆட்டத்தை நடத்தினார். 7-0. போலந்து ஆடிய ஆட்டத்தில் நடுவருக்குப் பெரிய தலைவலி இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

குடைக்காரர் விடுவதாக இல்லை. "சரி, ஜிடான்? மட்டெராஸி வாயால பேசுனான், இவன் தலையால முட்டுனான். மொதல்ல பேசுனவனுக்கு என்னா கிடைச்சுது அன்னிக்கு?"

அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2006 ஜூலை 9, உலகக் கிண்ண இறுதியாட்டம், மறுபடியும் பெர்லின். நடுவர் ஹொராசியோ எலிசோண்டோவின் கண் பந்தோடு போயிருந்தது. நான்காவது நடுவர் லூயிஸ் மெடினா கண்டலேகோ சொல்லித்தான் முட்டியது அவருக்குத் தெரியவந்தது. சொல்லைக் கண்ணால் பார்க்க முடியாது, முட்டியதைப் பார்க்கலாம். அந்த மாதமே ஃபிஃபா விசாரித்து, ஜிடானுக்கு மூன்று ஆட்டத் தடை, மட்டெராஸிக்கு இரண்டு ஆட்டத் தடை என்று தீர்த்தது. முதல் தவறுக்கும் தண்டனை வந்தது. கிண்ணம் இத்தாலிக்குப் போன பிறகு வந்தது.

இங்கேதான் எனக்குச் சட்டத்தோடு ஒரு மனத்தாங்கல். பந்தை யாருக்குக் கொடுப்பது என்பதில் அது வரிசையைப் பார்க்கிறது, அட்டை காட்டுவதில் பார்ப்பதில்லை. திருப்பி அடித்தவனுக்கு முதலில் சீண்டப்பட்டவன் என்ற சலுகை கிடையாது. வன்முறைக்குச் சலுகை கொடுத்தால் திடல் நாறிவிடும் என்பது புரிகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 5 இழந்தது நடுக்கோட்டுப் பக்கத்தில் ஒரு ஃப்ரீ கிக்கும் ஒரு மஞ்சளும். அவன் குழுவுக்குக் கிடைத்தது, எதிரணியின் ஆகச் சிறந்த ஓட்டக்காரன் வெளியே. முப்பது வயது தாண்டிய தடுப்பாட்டக்காரர்கள் இந்தக் கணக்கைத் தூக்கத்திலும் போடுவார்கள். கன்னத்தைத் தடவிக்கொண்டு எழுந்த 5இன் முகத்தில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை.

அந்த ஃப்ரீ கிக் என்ன ஆயிற்று? சுவராக நின்ற நாலு பேரில் ஒருவனின் தொடையில் பட்டு லோங்காங்கில் விழுந்தது. அவ்வளவுதான். சிறுவன் கழியோடு ஓடினான்.

அதற்குள் கைப்பேசிகள் வெளியே வந்துவிட்டன. மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்த ஒருவன் தான் எடுத்த காட்சியைச் சுற்றியிருந்தவர்களுக்கு ஓட்டிக் காட்டினான். முழங்கை தெளிவாகத் தெரிந்தது. மறுபடி ஓட்டினான், மறுபடியும் முழங்கை. அவன் கைப்பேசியைத் தூக்கியதே கூட்டம் சத்தம் போடத் தொடங்கிய பிறகுதான் போலிருக்கிறது. காட்சி பாதி சுழலிலிருந்து ஆரம்பித்தது. இரவுக்குள் அது பிரிக்பீல்ட்ஸ் வரை போய், பார்க்கிறவர்களெல்லாம் நடுவரைத் திட்டுவார்கள். மலேசிய சூப்பர் லீக்கில் 2024இல் காணொளி உதவி நடுவர் முறை வந்துவிட்டது. அங்கே பல கேமராக்கள், பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். இங்கே பின்னோக்கி ஓட்ட ஒரு கொடிதான் இருந்தது, அதையும் இறக்கியாயிற்று.

38ஆம் நிமிடம் மூன்றாவது கூத்து. வெள்ளை 7 நடுத்திடலில் பந்தைத் தள்ளிவிட்டு ஓடும்போது நீலம் 6 அவன் கணுக்காலில் உதைத்தான். பார்க்கவே வலித்தது. விசில் வரும் என்று 6 நின்றுவிட்டான். வரவில்லை. நடுவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, "ஆடு! ஆடு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். பந்து வெள்ளை 10இன் காலுக்குப் போயிருந்தது. அவனுக்கு முன்னால் ஒரே ஒரு தடுப்பாட்டக்காரன். 10 பெனால்டி பெட்டிக்குள் நுழைந்தான், அந்தத் தடுப்பாட்டக்காரன் பந்துக்குக் காலை விட்டு ஆளை வீழ்த்தினான். விசில். பெனால்டி.

வீழ்த்தியவனுக்கு மஞ்சள். அதை எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நடுவர் அதோடு நிற்காமல் நடுத்திடலுக்குத் திரும்பி நடந்தார். 6 அங்கே இடுப்பில் கைவைத்து நின்றிருந்தான். அவனுக்கும் மஞ்சள்.

"எனக்கெதுக்குண்ணே? அதான் முடிஞ்சு போச்சே!"

அவன் நிஜமாகவே வியந்தான். சாதகம் கொடுத்துவிட்டால் முதல் தவறு கழுவப்பட்டுவிட்டது என்று நினைத்தவர்கள் பந்தலிலும் நிறையப் பேர். பந்து மட்டும்தான் போக விடப்பட்டது. முரட்டு உதைக்கான அட்டை, பந்து அடுத்து நிற்கும் வரை பாக்கியில் இருந்தது. நல்ல தாக்குதலைத் தடுப்பதற்காக லேசாகச் சட்டையைப் பிடித்திருந்தால், சாதகம் கொடுத்த பிறகு அட்டை இராது. தாக்குதல் தடைபடவே இல்லையே. கணுக்காலில் உதைத்தது அந்தக் கணக்கில் வராது.

ஓடும்போதே நடுவரின் மனத்தில் எத்தனை பாக்கி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். 6 என்ற எண், உதைத்த இடம், நிறம். அதை விடாமல் பிடித்துக்கொண்டே பெட்டிக்குள் அடுத்ததைப் பார்க்க வேண்டும். பெரிய நடுவர்களுக்கே இது சறுக்கியிருக்கிறது. 2006 உலகக் கிண்ணத்தில், ஸ்டட்கார்ட்டில், குரோவேஷியாவின் யோசிப் ஷிமுனிச்சுக்கு ஆங்கில நடுவர் கிரஹாம் போல் மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். கடைசி நிமிடங்களில் காட்டிய இரண்டாவதை அதே எண் கொண்ட ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பெயரில் எழுதிக்கொண்டதால், போக வேண்டியவர் போகவில்லை. சற்று நேரத்தில் மூன்றாவது.

பெனால்டியை வெள்ளையின் தலைவன் அடித்தான். நீலத்தின் கோல்காவலர் வலப்பக்கம் விழுந்து தட்டிவிட்டார். ஆட்டம் 1-0 என்று முடிந்தது. இத்தனை தீர்ப்புக்கும் பிறகு, கிண்ணத்தை நோக்கிப் போனது நீலம்தான்.

"அந்தக் காலத்துல இவ்வளவு பேசமாட்டோம்" என்று குடைக்காரர் எழுந்தார். மெர்டேக்கா ஸ்டேடியத்தில் 1980இல் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். கோல் கம்பத்தில் ஆறுமுகம், அவர் கையின் நீளம், கடைசியில் ஒலிம்பிக்குக்கே போகாமல் புறக்கணித்தது. ஒவ்வொரு பாஸும் அவருக்கு மனப்பாடம். "அன்னிக்கு ரெஃப்ரி யாரு?" என்றார் சிலாங்கூர் சட்டை. குடைக்காரர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "யாருக்குத் தெரியும் அதெல்லாம்!"

பந்தல் மேசையில் நடுவர் அறிக்கைத் தாளை விரித்திருந்தார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினார். நிமிடம், எண், காரணம். 12, நீலம் 14. அதன் கீழே மறுபடியும் 12, நீலம் 14. பிறகு 31, நீலம் 5. 31, வெள்ளை 9. கொடிக்காரப் பெண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

9இன் அண்ணன் வந்தான். சண்டைக்கு வந்த மாதிரி தெரியவில்லை. "சார், மொதல்ல அவந்தான் இழுத்தான்."

நடுவர் தாளை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். அவன் குனிந்து படித்தான். 5இன் எண் மேலே, தம்பியின் எண் கீழே.

"அப்ப தம்பிக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வரும் தம்பி. அடுத்த போட்டியில ரெண்டு ஆட்டம் உக்காரணும்னு குழு சொல்லும்."

"மொதல்ல இழுத்தது அவன்தானே சார்."

"அதையும் எழுதியிருக்கேன்ல."

அண்ணன் இன்னொரு முறை படித்துவிட்டுப் போனான். திருப்தியாகப் போனானா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஏற்பாட்டாளர் பொட்டலச் சோற்றோடு வந்து, வானம் இருட்டுகிறது, இரண்டாவது அரையிறுதியைச் சீக்கிரம் தொடங்கலாமா என்று கேட்டார். நடுவர் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றினார். அந்தப் பெண்ணின் கையிலும் சொந்த விசில் ஒன்று இருந்தது, கயிறு இன்னும் அழுக்காகாதது.

"அடுத்தது நீ ஊதும்மா. நான் கொடி புடிக்கிறேன்."

அவள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். சபாவின் ரீத்தா கனி 2015இல் கனடா வரை போய் மகளிர் உலகக் கிண்ண நடுவர் குழுவில் இருந்த நாடுதான் இது. ஆனாலும் பெண் நடுவர் என்றதும் மோட்டார் சைக்கிள் வரிசையில் சீழ்க்கை எழுந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மார்புப் பையில் மஞ்சள், பின்பையில் சிவப்பு என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதல் மூலை உதை நாலாவது நிமிடத்தில் வந்தது. பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்தார்கள். பந்து உயர்ந்தது. பச்சைச் சட்டை ஒருவன் ஆரஞ்சுச் சட்டை ஒருவனின் கையைக் கவ்விப் பிடித்தான்; அதே கணத்தில் ஆரஞ்சு, பச்சையின் தோளில் இரண்டு கைகளையும் ஊன்றி எழும்பினான். எது முதல் என்று சொல்ல இடமே இல்லை. இரண்டும் ஒன்றாக நடந்தால் சட்டம் நடுவரைக் கனம் பார்க்கச் சொல்கிறது: எதற்குத் தண்டனை பெரிது, எதற்கு ஆட்டம் தொடங்கும் முறை பெரிது, எதில் உடம்புக்கு அடி அதிகம், எது ஆட்டத்தை அதிகம் பாதித்தது. நாலையும் நிறுத்துப் பார்க்க அவளுக்குக் கிடைத்தது பந்து கீழே வரும் நேரம்.

ஊதினாள். இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள். கோட்டோரம் கொடி கீழேயே இருந்தது. கொடி பிடித்த பழைய நடுவர் உதவிக்கு வரவில்லை. அவள் சம்பவ இடத்துக்கு நடந்து போய் வலது கையைத் திடலின் நடுப்பக்கம் நீட்டினாள்: தடுப்பவர்களுக்கு ஃப்ரீ கிக், தோளில் ஊன்றி எழும்பியது பெரிது.

இடது பக்கத்திலிருந்து, "ரெஃப்ரி! கைய புடிச்சது தெரியலயா?" என்ற குரல் கிளம்பியது.